மாலையோடு நின்றுபோன துரை

“...பின்ன என்னக்கா பண்ணச் சொல்றீங்க? காலு தானா திரும்பிருச்சு. நானா திருப்புனேன்?”

மேடைக்குப் பின்னால், முகத்துப் பவுடர் வேர்வையில் கரைந்து வழிய, கொழுந்து எடுக்கும்போது உடுப்பு கிழியாமல் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டு அவள் என்னைத்தான் கேட்டாள். போன பொங்கலுக்கு மறுநாள் பின்னேரம் அது. பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கமாக ஏறுகிற வழியில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் எழுதிப் பழக்கிய நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. நான் எழுதிய முடிவு ஒன்று, மேடையில் நடந்த முடிவு வேறொன்று. அதைத்தான் தலையில் கையை வைத்துக்கொண்டு விசாரித்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், அந்தியில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடையில் அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் அம்மா. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ரேடியோ நாடகத்திலும், சீனி சுற்றி வந்த பேப்பர்த் துண்டிலும், மனிதர்களின் வாயிலும்தான். மனிதர்களின் வாய் இருக்கிறதே, அது பெரிய பள்ளிக்கூடம். பிள்ளையை இறக்கிவிடுகிற அந்த ஒரு நிமிஷத்தில் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள். நான் அதை மனசில் போட்டு வைத்து, தொட்டில் ஆட்டும்போது எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

பொங்கலுக்கு ஒரு நாடகம் போடலாம் என்று வாசிகசாலைப் பையன்கள் கேட்டபோது, என்ன கதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பிள்ளை விட வந்தவர்களிடமே கேட்டேன். “ஏன்டி, வாழ்க்கையில ஜெயிக்கிறதுன்னா என்ன?”

ஒருத்தி சொன்னாள்: “மழ பேயிறப்போ கூரையப் பாக்காம தூங்குறதுக்கா.”

இன்னொருத்தி: “எம்புள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு ஒரு மேசைக்குப் பின்னால ஒக்காரணும். நான் அந்த மேசைக்கு முன்னால போயி, சேர்னு கூப்புடணும்.”

மூன்றாவது ஒருத்தி, “அதெல்லாம் எனக்கெதுக்குக்கா? பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, துண்ட எடுங்க” என்றாள்.

இந்த மூன்று பதிலையும் வைத்துக்கொண்டு மூன்று பெண்களை உண்டாக்கினேன். எல்லாத்திலும் முதலாளாக வரவேண்டும் என்று ஓடுகிறவள் ஒருத்தி. இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போனால்தான் ஜெயம் என்று பெட்டியைத் தயாராக வைத்திருக்கிறவள் ஒருத்தி. நமக்கெதுக்கு என்று உட்கார்ந்துவிடுகிறவள் ஒருத்தி. கடைசிக் காட்சியில் மூன்று பேருக்கும் கொழுந்து எடுக்கிற போட்டி. முதலாமவள் ஜெயித்து, தோட்டத்து மேனேஜரான துரை கையால் மாலை வாங்குவாள். இரண்டாமவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். மூன்றாமவள் பாதி நெரையில் உட்கார்ந்து, ‘நான் தோத்துட்டேனே’ என்று அழுவாள். மலையில் ஆளுக்கு ஒரு வரிசை தேயிலை பிரித்துக் கொடுப்பார்கள், அதைத்தான் நெரை என்கிறோம். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தி சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாமவளாக நடிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள், நாற்பதைத் தாண்டியவள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட ஆள் சேரும் முன்னமே வந்து நிற்பாள், கொழுந்து எடுத்தால் அவள் கை தெரியாது. எந்த மலையில் இறங்கினாலும் முன் நெரை அவளுக்குத்தான். நாங்கள் அவளை முன் நெரைக்காரி என்றே சொல்வோம். கைக்கு ஏற்ற வாய். அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருக்க ஒரு கிழமையாகும்.

அந்தக் கிழமைகளில் அவள் வாயில் விழுந்து கிடந்தது ஒரு சின்னப் பெண். எங்கள் காம்பராவை ஒட்டினாற்போல இருக்கிற லயத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டுப் பிள்ளை. ஏ எல் பரீட்சை வரைக்கும் படித்து, கொழும்பில் ஒரு பெரிய துணிக்கடையில் கணக்குப் பகுதிக்கு வேலைக்குப் போயிருந்தது. அது போன நாளில் பஸ் ஏற்றிவிட லயமே ரோட்டுக்கு வந்தது. அப்புறம் கடையில் ஆள் குறைத்தபோது இதையும் நிறுத்திவிட்டார்கள். கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைகள் லயத்தில் வீட்டுக்கொரு பிஸ்கட் பக்கட்டாவது கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது ஒரு பையோடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டது. பிஸ்கட் வராததிலேயே ஜனங்களுக்குச் சங்கதி விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை முன்வாசலுக்கு வரவில்லை. குளிக்கப் போவதென்றாலும் கடைக்குப் போவதென்றாலும், வீடுகளின் பின்னால் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான் இருக்கிறதே, அதன் ஓரமாகவே போய்வந்தது. முன் நெரைக்காரி குழாயடியில் நின்று, அதுவும் அந்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, “கொழும்புக்காரி வெளிய வர மாட்டாங்களோ? நம்ம காத்து அவங்களுக்கு ஒத்துக்காதோ?” என்பாள்.

பிள்ளையின் தாயும் கொழுந்து எடுக்கிறவள்தான். ஒருநாள் காம்பரா வாசலில் வந்து நின்று என்னிடம் அழுதாள். “ஏஜென்சிக்காரன் தெனம் போன் எடுக்கிறான்க்கா. குவைத்துக்கு வீட்டு வேலைக்காம். இது சரின்னு சொல்லிரும் போலருக்கு. வெளிநாடு போறத நான் வேணாங்கல. நல்லாருக்கணும்னு போனா போகட்டும். இது மூஞ்சிய மறைக்கிறதுக்கில்ல போகப் பாக்குது. அப்புடிப் போனா அது இங்க திரும்பி வராதுக்கா.”

தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஒத்திகையெல்லாம் காம்பராவில்தான், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமிக்கு லீவு விடுகிற போயா நாட்களிலும். அம்மாக்கள் நடிக்க வந்தால் பிள்ளைகளும் கூடவே வருமே. ஒரு பக்கம் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைகள், மறுபக்கம் இவர்கள் கிசுகிசு என்று வசனம் பேசுவார்கள். மாலையைத் தூக்கிக்கொண்டு துரையாக வருகிறவர் எங்கள் தோட்டத்து லொறி டிரைவர். அவருக்கு மட்டும் மெதுவாகப் பேச வராது. “வெரி குட்!” என்று அவர் ஒரு சத்தம் போட்டால் இரண்டு தொட்டில் அழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்காரியாக நடிக்கிறவளுக்கு வசனம் மறந்துவிட்டது. “இந்த மலைக்கு அந்தப் பக்கம்... இந்த மலைக்கு அந்தப் பக்கம்...” என்று அவள் தடுமாறுகிறாள். எனக்கும் அந்த நேரம் பார்த்து நினைவு வரவில்லை. அப்போது பின்பக்கத்து ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“இந்த மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரோடு இருக்கு. அந்த ரோட்டுல எம்பேரும் இருக்கு.”

எட்டிப் பார்த்தால், கான் ஓரத்தில் கையில் வாளியோடு அந்தப் பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டே முழு நாடகத்தையும் பாடமாக்கியிருக்கிறது! நான் சிரித்துவிட்டேன். அதுவும் சிரிக்க வந்து, உள்ளே முன் நெரைக்காரியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது.

மூன்றாமவளாக நடிக்க வேண்டியவளுக்குப் பொங்கல் நெருங்கும்போது கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இனி யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? நான் நேரே லயத்துக் கடைசி வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே உறுத்தல். இருக்கிறது தோற்றுப்போகிறவளின் வேஷம். அதைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளையிடம் எப்படி நீட்டுவது?

விஷயத்தைச் சொன்னேன். அது நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

“தோத்தவளா நடிக்கத்தானே கூப்புடுறீங்க அத்த? அதுக்கு எனக்கு ஒத்திகையே தேவையில்ல.”

சொன்ன விதத்தில் கோபமில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம், “சரி வர்றேன். நாடகத்துக்கு மறுநாள் ஏஜென்சிக்காரனப் பாக்க கொழும்புக்கு பஸ் ஏறப் போறவதானே, என்ன வந்துச்சு” என்றது. தாய்க்காரி அடுப்புப் பக்கமிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மேடையில் அந்தப் பிள்ளையை யாராவது ஒரு கேலி செய்துவிட்டால் போதும், ஏஜென்சிக்காரனுக்குப் பதில் கிடைத்துவிடும். அது தெரிந்தும் நான்தான் அதை மேடைக்குக் கூட்டிப்போகிறேன்.

இருந்த ஒரே ஒத்திகைக்கு அது கான் ஓரமாகவே வந்தது. முன் நெரைக்காரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பொருத்தமான ஆளாத்தான் புடிச்சிருக்கீங்கக்கா” என்றாள். அந்தப் பிள்ளை தன் இடத்தில் போய் நின்றது. ஆனால் பண்டாரவளையைத் தாண்டிப் போயிராத எங்கள் பெட்டிக்காரி, பெட்டியை ஒரு கையில் ஆட்டிக்கொண்டு சிரித்தபடி பஸ் ஏறுவதாக நடித்தபோது மட்டும் மெல்லச் சொன்னது: “கொழும்பு பஸ்ல அப்புடி ஏற முடியாதுக்கா. பெட்டிய ரெண்டு கையாலயும் நெஞ்சோட கட்டிப்புடிச்சிக்கணும். சிரிக்கிறதெல்லாம் எறங்கின பொறகு போட்டோவுலதான்.” பெட்டிக்காரி அதன்படியே செய்தாள். பார்க்க என்னவோ போலிருந்தது.

நாடகத்தன்று வெயில் நன்றாக இருந்தது. பொங்கலில் எங்கள் பக்கம் மழை விடுவது பெரிய விஷயம். வாசிகசாலைப் பையன்கள் பீப்பாய்களை நிறுத்தி, பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். மேடைக்கு அழகு சேர்க்க இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். கொழுந்தோடு தேயிலைக் கிளைகளை வெட்டிவந்து, மண் நிரப்பிய வாளிகளில் நட்டு, மூன்று வரிசையாக வைத்திருந்தார்கள். பச்சைப்பசேலென்று உண்மையான மலை மாதிரியே இருந்தது. ஒத்திகையில் எங்களிடம் இதெல்லாம் கிடையாது. காம்பராவில் வெறும் காற்றில்தான் கொழுந்து கிள்ளினோம்.

நாடகம் நன்றாகவே போனது. கூரை வசனத்துக்குக் கைதட்டு, மேசை வசனத்துக்குச் சிரிப்பு. அந்தப் பிள்ளை மேடைக்கு வந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பின்னாலிருந்து ஒருவன் “கொழும்பு டவுன்!” என்று கத்தினான். திரைக்கு ஓரமாக நின்ற நான் திரையைக் கையில் பிடித்துக்கொண்டேன். பிள்ளை சத்தம் வந்த பக்கம் ஒரு தடவை பார்த்தது. அப்புறம் தன் வசனத்தைச் சொன்னது. கடைசி வரி வரை விடவில்லை.

போட்டி தொடங்கியது. தலையில் கூடையை மாட்டிக்கொண்டு மூன்று பேரும் நெரையில் இறங்கினார்கள். துரை ஓரத்தில் மாலையோடு தயார். முன் நெரைக்காரியின் கையில் உண்மையான கொழுந்து பட்டதோ இல்லையோ, அவள் நடிப்பை மறந்துவிட்டாள். முகமே மாறிவிட்டது. சடசடவென்று கை ஓடுகிறது. கூட்டத்தில் பெண்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அவள் நெரையை முடித்தாள். இனி மேடை முன்னுக்கு வந்து இரண்டு கையையும் தூக்க வேண்டும். துரை “வெரி குட்!” என்று சத்தம் போட்டு மாலையை நீட்டினார்.

அவள் வரவில்லை. திரும்பினாள். திரும்பி, அந்தப் பிள்ளையின் நெரையில் மறுமுனையால் இறங்கி, எதிரே கிள்ளிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

மலையில் அப்படித்தான். தன் நெரையை முடித்தவள், பின்தங்கியவளின் நெரையில் எதிர்ப்பக்கமாக இறங்கி எடுத்துக்கொடுப்பாள். ஒருத்தியின் நெரை பாதியில் கிடந்தால் கொழுந்து நிறுக்க யாரும் போக முடியாது, கங்காணி எல்லோரையும் சேர்த்துத்தான் ஏசுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. உதவி என்று நினைத்துச் செய்வதும் இல்லை. என் நாடகத்தை எழுதும்போது எனக்கு இது நினைவுக்கே வரவில்லை.

பெட்டிக்காரியும் தன் நெரையை முடித்தாள். அவளும் பெட்டிப் பக்கம் போகவில்லை, கடைசி நெரைக்குள்தான் போனாள். பெட்டி மேடை ஓரத்தில் தனியாக நிற்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா, “ஏ புள்ள, ஒன் பஸ்ஸு போயிருச்சுடி!” என்றாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. துரை பாவம், மாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

நடு நெரையில் முன் நெரைக்காரியும் அந்தப் பிள்ளையும் முகத்துக்கு முகம் சந்தித்துக்கொண்டார்கள். அங்கேதான் பிள்ளை உட்கார்ந்து அழ வேண்டும். அது அவளைப் பார்த்தது. அவள் அப்போதுதான் தான் செய்ததைப் புரிந்துகொண்டவள் மாதிரி முழித்தாள். “என்னாடி பாக்குற? அந்தக் கிளையில இன்னும் கெடக்கு, கிள்ளு” என்றாள். மைக் இருக்கிறதையே மறந்துவிட்டாள், தோட்டம் முழுக்கக் கேட்டது.

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. மிச்சக் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, முன்னுக்கு வந்து நின்றது. ‘நான் தோத்துட்டேனே’ என்று சொல்லவில்லை. துரையைப் பார்த்து, தெளிவான குரலில், “தொர, மாலய அப்புறம் பாத்துக்கலாம். நெர முடிஞ்சிருச்சு, தராச கொண்டாரச் சொல்லுங்க” என்றது.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று, “அப்புடிச் சொல்லுடி!” என்றார்கள். பின்னாலிருந்து கத்தினவனையும் பார்த்தேன். அவனும் விசிலடித்துக்கொண்டிருந்தான். பையன்கள் அவசரமாகப் பெட்ஷீட் திரையை இழுத்துவிட்டார்கள். துரை என்ன செய்வதென்று தெரியாமல் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் முன் நெரைக்காரியைப் பிடித்தேன். “என்னடி இப்புடிப் பண்ணிட்ட? கடைசியில யாரு ஜெயிச்சான்னே தெரியலயே!” என்றேன். அவள்தான், காலு தானா திரும்பிருச்சு, நானா திருப்புனேன் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாடகத்தை இன்னொரு தோட்டத்திலும் போடக் கேட்டிருக்கிறார்கள். முடிவை மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுத எதுவும் இல்லை, இவர்கள் செய்ததை அப்படியே விட்டுவிட்டேன். மாலை மட்டும் வேண்டாமென்று எடுத்துவிட்டேன். பிள்ளை மறுநாள் பஸ் ஏறவில்லை. இப்போது பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பாஸ்போர்ட் தகரப் பெட்டியில் இருக்கிறது, நாளைக்கே போனாலும் போகும். போகட்டும், தாய் இப்போது அதற்குப் பயப்படுவதில்லை. எனக்கும் ஒன்று மாறியிருக்கிறது. யாராவது என்னிடம் வந்து ‘அவ முன்னுக்கு வந்துட்டாக்கா’ என்றால் முன்பு போலவே சந்தோஷப்படுகிறேன். அதோடு, அவள் பக்கத்து நெரையில் யார் இருந்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

அன்றைக்கு, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு முன் நெரைக்காரி என் பதிலுக்காக நிற்கவில்லை. கூட்டம் கலைந்து, ஜனங்கள் வீடுகளுக்குத் திரும்பி வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். பிள்ளை கூடையை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கான் பக்கம் திரும்பியது. “எங்கடி அந்தப் பக்கம்? வாசப்பக்கம் என்னா முள்ளா போட்டு வச்சிருக்கு?” என்று அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் லயத்தின் முன்பக்கம் நடந்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று, “நாடகம் பாத்தீங்களா? எப்புடி நம்ம புள்ள?” என்று கேட்டாள். அவர்கள் பதில் சொல்லும்வரை நகரவில்லை. சொன்ன பிறகு, பிடித்த கையை விடாமல், அடுத்த வாசலில் போய் நின்று அதையே மறுபடியும் கேட்டாள்.